மர விளையாட்டுப் பொருள்களின் மேற்பூச்சு

கைக்குழந்தை கண்ணாற் கண்டதைக் கையாற் பற்றும். பற்றியதை உடனே வாயிலிடும். ஆகவே, சிறுவர் கையால் இழுத்து மகிழ்வதாகக் குறுந்தொகை கூறும் தச்சன் தேர் முதலாக, இன்று கடையில் விற்கும் கிலுகிலுப்பை ஈறாக, மரத்தாலாய விளையாட்டுப் பொருள் யாவும் ஒருவகையில் உணவுப் பொருள்களே. அவற்றின்மேற் பூசியிருப்பது யாதென வினவுதல் பெற்றோர்க்கு இன்றியமையாதது.

பூச்சுக்கு நஞ்சின்மை, நிலைபேறு என்னும் இரண்டு குணங்களும் வேண்டும். இவை எளிதில் ஒருங்கு வாய்ப்பதில்லை. நிறம் நெடுங்காலம் மங்காதிருக்கும்பொருட்டு முன்னாளில் எண்ணெய் வர்ணங்களில் ஈயச் சேர்க்கைகளைத் தாராளமாகக் கலந்தனர். சிவப்புக்கு ஈயச் செந்தூரமும் மஞ்சளுக்கு ஈயக் குரோமேட்டும் பயன்பட்டன. இத்தகைய பூச்சு வெயிலில் வெடித்துப் பொடியாகுங்கால் தீங்கு பெருகும். ஆஸ்திரேலியாவின் குவீன்ஸ்லாந்துப் பகுதியிற் குழந்தைகள் பலர் நோயுற்றமைக்கு, வீட்டுக் கிராதிகளிலும் சுவர்களிலும் பூசிய வர்ணத்தின் பொடி விரல்வழி வாய்புகுந்ததே காரணம் என்று லாக்ஹார்ட் கிப்ஸன் என்னும் மருத்துவர் 1904-ஆம் ஆண்டில் எழுதினார். அதனைக் கட்டுப்படுத்தும் சட்டம் அங்கே பிறந்ததோ 1922-இல். இந்தியாவில், வீட்டு வர்ணங்களில் ஈயம் பத்து லட்சம் பங்கில் 90 பங்குக்கு மேற்படலாகாது என்னும் விதி 2017-இல்தான் நடைமுறைக்கு வந்தது. ஈயம் குழந்தையின் மூளை வளர்ச்சியைக் கெடுப்பது. இவ்வளவுவரை தீங்கில்லை என்று கூறத்தக்க அளவே அதற்கு இல்லை. ஆதலின், பாட்டனார் காலத்து வர்ணக் குதிரையைப் பேரனிடம் கொடுப்பதினும் அலமாரியில் வைத்து அழகு பார்த்தல் நன்று.

நம் கடைசற்காரர் வேறு வழியொன்றை நெடுங்காலமாகக் கையாண்டு வருகின்றனர். அம்பாசமுத்திரத்து மரச் செப்புக்களும் கன்னட நாட்டுச் சென்னப்பட்டணத்துப் பொம்மைகளும் அரக்குப் பூச்சினாற் பேர் பெற்றவை. அரக்கென்பது புரசு, இலந்தை முதலிய மரக்கிளைகளில் வாழும் சிறு பூச்சி சுரக்கும் பிசின். நிறங்கூட்டிய அரக்குக் கட்டியைக் கடைசலிற் சுழலும் மரத்தின்மேல் அழுத்தினால், உராய்வின் வெப்பத்தால் அது உருகி மரத்தைப் பற்றிக்கொள்ளும். பின்பு தாழை மடலையோ பனையோலையையோ வைத்து அழுத்த, பூச்சு ஒரே சீராய்ப் பரந்து கண்ணாடிபோல் ஒளிரும். தூரிகையில்லை, கரைப்பானில்லை, உலரும்வரை காத்திருத்தலுமில்லை. மாத்திரைகளுக்கும் மிட்டாய்களுக்கும் மெருகிடுவதும் இவ்வரக்கே. அரக்கு தீதற்றதாயினும் அதிற் கூட்டிய நிறம் எத்தகையது என்பது வேறு கேள்வி. மஞ்சள், அவுரி போன்றவற்றாலாயதா, மலிவான ரசாயனப் பொடியா என்று கேட்டே வாங்குக. அரக்கு கொதிநீரில் இளகும். சலவைச் சோடா முதலிய காரங்களிற் கரையும். ஆதலால் ஈரத்துணியால் துடைத்து உடனே உலர்த்துதல் போதும்.

கடைசலில் ஏறாத நடைவண்டி, அடுக்குக் கட்டை முதலியவற்றுக்கு ஆளிவிதை எண்ணெய் ஏற்றது. அது காற்றிலுள்ள பிராணவாயுவை ஏற்று மரத்தினுள்ளேயே இறுகும். தேங்காயெண்ணெயோ எத்தனை நாளாயினும் இறுகாது. பிசுபிசுத்துத் தூசியைச் சேர்க்கும். 'காய்ச்சியது' என்னும் பெயரால் விற்கும் ஆளிவிதை எண்ணெயில், விரைந்து உலரும்பொருட்டு உலோக உப்புக்களைச் சேர்ப்பதுண்டு, அது வேண்டா. தூய எண்ணெயை மெல்லிதாகப் பூசி, மிகுதியைத் துடைத்து, வாரக்கணக்காகக் காயவிடல் வேண்டும். கைக்கு உலர்ந்து தோன்றுவது முற்றும் இறுகியதாகாது; எண்ணெய் மணம் அறவே நீங்கிய பின்னரே குழந்தைக்குக் கொடுக்கலாம். இப்பூச்சு தேயுமேயன்றி ஏடேடாய் உரியாது. தேய்ந்தால் மறுபடி பூசிக்கொள்ளலாம். துடைத்த துணியைச் சுருட்டி எறிதல் மட்டும் ஆகாது. எண்ணெய் இறுகுங்காற் பிறக்கும் வெப்பத்தால் அது தானே தீப்பற்றும், விரித்தே உலர்த்துக.

பல் முளைக்கும் பருவத்துக் குழந்தைக்கோ எப்பூச்சும் வேண்டா. செம்மரத்து மரப்பாச்சிக்கு நிறம் மரத்திலேயே உண்டு. சிராயின்றி நன்கு இழைத்துத் தேய்த்துக் கொடுத்தால் அதுவே போதும்.