உள்மரை வெட்டுதற்கேற்ற கருவிகள்

கறம்பக்குடி வட்டாரத்தில் ஆழ்துளைக் கிணறுகளையே நம்பிப் பயிர் செய்வோர் பலர். கிணற்றினுள் இறக்கிய குழாய்கள் மரைப் பூட்டினாலேயே ஒன்றையொன்று தாங்கி நிற்கின்றன. ஒரு சாக்கெட்டின் உள்மரை தேய்ந்தோ பிழைபட வெட்டப்பட்டோ இருப்பின், நீர் கசிவதோடு அமையாது, அதன் கீழுள்ள குழாய்களும் பம்பும் கிணற்றுள் வீழ்ந்துவிடக்கூடும். ஆதலின் இவ்வேலையைக் கடைசல் பட்டறைக்கு ஒப்புவிக்கும் நிலக்கிழார்களும், ஊராட்சிப் பம்புகளைக் கவனிக்கும் கிராம அலுவலர்களும் அதற்குரிய கருவிகளை அறிந்திருத்தல் அவசியமாகும்.

இந்தியா மார்க் 2 கைப்பம்பு இதற்குத் தக்க உதாரணம். 1970-களில் உருவாகி, கோயம்புத்தூர்ப் பகுதியில் சோதிக்கப்பெற்ற இப்பம்பில் இருவகை மரைகள் உள. பிஸ்டனை இயக்கும் கம்பியின் மரை 12 மில்லிமீட்டர் விட்டமும், 1.75 மில்லிமீட்டர் புரியிடைவெளியும், 60 பாகைக் கோணமும் உடையது. நீரேறும் 1¼ அங்குலக் குழாயின் மரையோ அங்குலத்திற்கு 11 புரிகளும், 1841-இல் விட்வொர்த் என்பார் வகுத்த 55 பாகைக் கோணமும் கொண்டது.

முதலாவது கவனிக்க வேண்டுவது துளையின் அளவு. கம்பி இணைப்பின் துளை ஏறக்குறைய 10.2 மில்லிமீட்டரே ஆகையால், அதற்கு டாப் என்னும் கருவியே ஏற்றது. குழாய்ச் சாக்கெட்டின் துளை ஏறக்குறைய 39 மில்லிமீட்டர் இருத்தலின், அதனை லேத்தில் ஒருமுனை உளியால் வெட்டலாம்.

இரண்டாவது, உளி முனையின் கோணம். 55 பாகை மரையை 60 பாகை உளியால் வெட்டினால், மேலுக்குப் பொருந்தியதுபோல் தோன்றினும், புரிகளின் பக்கங்கள் முழுதும் ஒட்டா; பாரம் ஓரிடத்திலேயே தங்கி மரை விரைவில் தேயும்.

மூன்றாவது, உளியைத் தாங்கும் தண்டு. துளையில் தூள் வெளியேற இடம்விட்டு, இயன்ற அளவு தடித்த தண்டையே கொள்ளல் வேண்டும். எஃகுத் தண்டு தன் விட்டத்தைப்போல் நான்கு மடங்கிற்கு மேல் பிடிப்பினின்று நீண்டால் அதிர்ந்து, மரை அலையலையாக விழும். 20 மில்லிமீட்டர்த் தண்டை 80 மில்லிமீட்டர் வரை நீட்டலாம். 12 மில்லிமீட்டர்த் தண்டுக்கு 48 மில்லிமீட்டரே எல்லை.

நான்காவது, முனையின் உலோகம். மெதுவாகச் சுழலும் பழைய லேத்துகளுக்கு, வேண்டிய வடிவில் சாணை பிடிக்கத்தக்க ஹை ஸ்பீட் ஸ்டீல் உளி போதுமானது. கார்பைடு வில்லை, அதிர்வற்ற உறுதியான யந்திரத்தில் வேகமாக வெட்டுதற்கே சிறந்தது. அதிர்வுள்ள யந்திரத்தில் எளிதில் உடையும். வெளிமரை வில்லையை உள்மரைக்கு இடலாகாது. உட்சுவர் வளைந்திருத்தலின் அதன் அடி உராயும்.

பட்டறைக்குச் செல்வோர் பழுதுற்ற உறுப்புடன், அதனோடு பொருந்த வேண்டிய குழாய்த் துண்டையும் எடுத்துச் செல்க. வெட்டிய மரையைப் பிட்ச் கேஜினால் சோதிப்பித்து, குழாயைக் கையால் முடுக்கிப் பார்த்த பின்னரே கூலி கொடுத்தல் நன்று. குழாயின் வெளிமரை சிறிது சரிவாக அமைந்திருப்பதால், முதற் சில புரிகள் கையால் இலகுவாக ஏறிப் பின்னர் படிப்படியாக இறுகுதல் வேண்டும். தொடக்கத்திலேயே சிக்கினாலும், இறுதிவரை தளர்ந்து ஆடினாலும், அவ்வுறுப்பைக் கிணற்றுள் இறக்கலாகாது.