பெயரிழந்த ஓவியர்கள்

1837-ஆம் ஆண்டு மதுரையில் தொகுக்கப்பட்ட ஓர் ஓவியத் திரட்டு இன்று அமெரிக்காவின் யேல் பல்கலைக்கழக நூலகத்தில் இருக்கிறது. மதுரை வட்டாரத்து ஆண், பெண்களின் வண்ணப் படங்கள் 72. ஒவ்வொன்றின் கீழும் ஆங்கிலத்திலும் தமிழிலும் குறிப்பு. சமயநல்லூரில் அமர்ந்தபடியே அதை இணையத்தில் புரட்டிப் பார்க்க முடிகிறது. ஆங்கிலத் தலைப்பு அம்மனிதர்களைச் சாதிகளின் 'மாதிரிகள்' என்கிறது. செடிகொடிகளுக்கும் பூச்சிகளுக்கும் வழங்கிய சொல் அது.

திரட்டை நண்பர் ஒருவருக்குப் பரிசளித்தவர் டேனியல் பூவர். யாழ்ப்பாணம் வட்டுக்கோட்டையில் செமினரியை வளர்த்து, பின் மதுரைக்கு வந்த அமெரிக்கப் பாதிரியார். மதுரை அமெரிக்கன் கல்லூரியின் நூலகம் இன்றும் அவர் பெயரைத் தாங்கி நிற்கிறது. வரைந்தவரின் பெயர் எங்கும் பதிவாகவில்லை.

இத்தகைய படங்களைக் 'கம்பெனி ஓவியங்கள்' என்பர். அரண்மனை ஆதரவு குன்றிய காலத்தில் தஞ்சை ஓவியர்கள் ஐரோப்பியக் காகிதத்தில் நீர்வண்ணம் கொண்டு தீட்டி, ஆங்கிலேய அதிகாரிகளுக்கு விற்றனர். திருச்சியில் காக்காப்பொன் தகட்டில் தீட்டினர். பெரும்பாலும் கணவனும் மனைவியும் நிற்பர். கையில் தொழிற்கருவி இருக்கும். பின்னணி வெறுமையாக இருக்கும். ஒரே உருவம் தொகுதிக்குத் தொகுதி படியெடுக்கப்பட்டது.

பொருளாதாரம் கற்பித்தவனுக்கு அந்த வெறுமைதான் முதலில் கண்ணில் படும். உழவர் இருக்கிறார், அவர் யார் நிலத்தில் உழுதார் என்பது இல்லை. நெசவாளர் இருக்கிறார், அவருக்கு முன்பணம் தந்த வணிகர் இல்லை. குத்தகை, கடன், கூலி ஆகிய உறவுகள் உதிர்ந்து, தொழில் என்பது உடலோடு ஒட்டிப் பிறந்த அடையாளமாகத் தோன்றுகிறது. வாங்கியவருக்கு வேண்டியிருந்ததும் அதுவே.

பின்னாளில் இப்பார்வை ஆட்சிமுறைக்குள்ளும் புகுந்தது. எட்கர் தர்ஸ்டன் 1909-இல் தென்னிந்தியச் சாதிகளையும் குலங்களையும் ஏழு தொகுதிகளில் அடுக்கினார். குற்றப் பரம்பரைச் சட்டமோ முழுச் சமூகங்களையே பிறவிக் குற்றவாளிகளாக்கியது. அதன்கீழ் ரேகை பதிய மறுத்த பெருங்காமநல்லூர் மக்கள் மீது 1920 ஏப்ரல் 3 அன்று துப்பாக்கிச்சூடு நடந்தது. ஓவியம் சட்டத்தைப் பெற்றெடுத்தது என்று சொல்ல மாட்டேன். ஒரு கூட்டத்தாரை ஒரே முகமாகக் காணும் பழக்கம் இரண்டுக்கும் பொது. இதே படங்களைத் தம் சாதியின் தொன்மைக்குச் சான்றாக இன்று பகிர்வோர், அவை சந்தைக்குத் தீட்டப்பட்ட சரக்கு என்பதை எண்ண வேண்டும்.

பசிபிக் தீவுகளிலும் இப்படி நேர்ந்தது. 1769-இல் மாவோரி ஒருவர் ஆங்கிலேயரிடம் கடல் இறால் கொடுத்துத் துணி பெறும் காட்சி நீர்வண்ணத்தில் தீட்டப்பட்டது. அதை வரைந்தவர் குக்கின் கப்பலில் வந்த ஐரோப்பியராகவே இருப்பார் என்று நெடுங்காலம் கருதினர். 1812-இல் ஜோசப் பேங்க்ஸ் எழுதிய கடிதம் ஒன்று 1997-இல் கவனத்துக்கு வந்தபோதுதான், வரைந்தவர் துபாயா என்ற பொலினீசியப் பூசகர் எனத் தெரிந்தது.

பூவர் சார்ந்திருந்த மிஷன் அமைப்பின் கடிதங்கள் ஹார்வர்டு பல்கலைக்கழக நூலகத்தில் உள்ளன. மதுரை ஓவியருக்குக் கொடுத்த கூலியின் கணக்கு அவற்றில் எங்கேனும் இருக்கிறதா என்று, நம் ஆய்வு மாணவர் ஒருவரேனும் தேடிப் பார்க்க வேண்டும்.