குழந்தைக்கு எந்த ரெயில்?

ஓடும் ரெயிலா? ஓட்டும் ரெயிலா?

நாலு பிள்ளைகள் ஒன்று சேர்ந்தால் போதும். ஒருவன் சட்டையை ஒருவன் பிடித்துக்கொள்வான். முன்னால் நிற்பவன் "கூ..." என்று ஊதுவான். ரெயில் புறப்பட்டுவிடும்!

திண்ணை ஒரு ஸ்டேஷன். கிணற்றடி ஒரு ஸ்டேஷன். கடைக்குட்டி கையை நீட்டிக்கொண்டு நிற்பாள். அவள்தான் கைகாட்டி. அவள் கையை இறக்கினால்தான் வண்டி நகரும்.

காலணா செலவில்லாத ரெயில் இது. ஆனால், இதில் ஒரு பெரிய உண்மை இருக்கிறது. இந்த ரெயிலைச் செய்வதும் பிள்ளைகள்தான். ஓட்டுவதும் பிள்ளைகள்தான். கலைப்பதும் பிள்ளைகள்தான். அதனால்தான் எத்தனை தடவை விளையாடினாலும் அவர்களுக்கு அலுப்பதில்லை.

கடைக்குப் போய் பொம்மை ரெயில் வாங்கும் பெற்றோர்கள் இந்த உண்மையைத்தான் மறந்துவிடுகிறார்கள்.

அப்பா வாங்கிய ரெயில்

இரண்டரை வயதுப் பையனுக்கு ஒரு ரெயில் வாங்க அப்பா கடைக்குப் போகிறார். கண்ணாடிப் பெட்டிக்குள் பளபளவென்று ஒரு ரெயில். பாட்டரி போட்டால் தானாக ஓடும். விளக்கு எரியும். புகைகூட வரும்! அப்பாவுக்குக் கொள்ளை ஆசை. கேட்ட விலையைக் கொடுத்து வாங்கி வருகிறார்.

வீட்டுக்கு வந்ததும் தண்டவாளத்தை அப்பாவே பூட்டுகிறார். சாமான்கள் சின்னச் சின்னதாக இருப்பதால் குழந்தையைத் தொட விடுவதில்லை. "தள்ளி நின்று பார், ராஜா!" என்கிறார். ரெயில் வட்டமாகச் சுற்றுகிறது. குழந்தை கை தட்டுகிறது. ஐந்து நிமிஷம் ஆனது. அதன் பிறகு?

குழந்தை எழுந்து போய் ரெயிலைக் கையில் எடுக்கிறது. பெட்டியைப் பிடித்து இழுக்கிறது. கொக்கி ஒடிகிறது. அப்பா அதட்டுகிறார். குழந்தை அழுகிறது. ரெயில் பீரோவின் மேல் ஏறிவிடுகிறது.

குற்றம் குழந்தையுடையது அல்ல. அந்த ரெயில் பார்ப்பதற்காகச் செய்யப்பட்டது. குழந்தைக்கு வேண்டியது பிடிப்பதற்கும், பூட்டுவதற்கும், பிரிப்பதற்கும் ஒரு ரெயில்.

தச்சர் போட்ட மூன்றாவது பூச்சு

அப்படிப்பட்ட ரெயில்களுக்குப் பின்னால் ஒரு தச்சரின் கதை இருக்கிறது.

டென்மார்க் நாட்டில் பில்லுண்ட் என்று ஓர் ஊர். அங்கே ஓலே கிர்க் கிறிஸ்டியான்சன் என்ற தச்சர் இருந்தார். 1930-களில் உலகமெங்கும் பணமுடை. வீடு கட்டுவாரும் இல்லை. மேஜை நாற்காலி வாங்குவாரும் இல்லை. 1932-ம் ஆண்டு அவர் மரப்பொம்மைகள் செய்யத் தொடங்கினார். "நன்றாக விளையாடு" என்று பொருள்படும் இரண்டு டேனிஷ் சொற்களைச் சேர்த்து, "லெகோ" என்று தம் தொழிலுக்குப் பெயர் வைத்தார்.

அவருடைய மகன் காட்பிரட் சிறுவயதிலேயே பட்டறையில் உதவி செய்து வந்தார். ஒரு நாள் மரவாத்து பொம்மைகளை ரெயில்வே ஸ்டேஷனில் சேர்த்துவிட்டு, மகிழ்ச்சியோடு வந்தார். "அப்பா, இன்று கொஞ்சம் பணம் மிச்சம் செய்துவிட்டேன். மூன்று தடவை வார்னிஷ் பூசுவதற்குப் பதிலாக இரண்டு தடவைதான் பூசினேன்" என்று சொன்னார்.

அப்பா பாராட்டவில்லை. உடனே ஸ்டேஷனுக்குப் போய் வாத்துகளைத் திரும்பக் கொண்டுவரச் சொன்னார். மூன்றாவது பூச்சைப் பூசி, மறுபடியும் கட்டி, ஸ்டேஷனில் சேர்க்க வேண்டும். இரவெல்லாம் ஆனாலும் மகன் தனியாகத்தான் செய்ய வேண்டும் என்று சொல்லிவிட்டார்! இந்தக் கதையைப் பிற்காலத்தில் மகனே சொல்லி இருக்கிறார்.

பின்னர் அந்தப் பட்டறை பிளாஸ்டிக் கட்டைகள் செய்தது. முதலில் வந்த கட்டைகள் உள்ளே வெறும் கூடாக இருந்தன. ஒன்றின் மேல் ஒன்றை வைத்தால் உறுதியாக நிற்காது. 1958-ல் கட்டையின் வயிற்றுக்குள் சிறு குழாய்களை வைத்தார்கள். மேலே இருக்கும் குமிழ்கள் இந்தக் குழாய்களைக் கவ்விக்கொண்டன. குழந்தை பூட்டினால் பூட்டும், இழுத்தால் பிரியும். 1966-ல் இந்தக் கட்டைகளைக் கொண்டு பாட்டரியில் ஓடும் ரெயிலும் வந்தது.

எட்டு மடங்கு பெரிய கட்டை

ஆனால், ஒரு சங்கடம். அந்தக் கட்டைகள் மிகச் சிறியவை. இரண்டு வயதுக் குழந்தையின் விரலுக்கு அடங்காதவை. வாய்க்கு அடங்கிவிடக் கூடியவை!

இதற்கு 1969-ல் ஒரு வழி செய்தார்கள். நீளத்தை இரண்டு மடங்கு ஆக்கினார்கள். அகலத்தை இரண்டு மடங்கு ஆக்கினார்கள். உயரத்தையும் இரண்டு மடங்கு ஆக்கினார்கள். ஆக, கட்டை எட்டு மடங்கு பெரிதாகிவிட்டது. அதற்கு "டூப்ளோ" என்று பெயர். பெரிய கட்டையின் மேல் சிறிய கட்டையும் பொருந்தும். குழந்தை வளர்ந்த பிறகும் பழைய சாமான் வீணாகாது.

1983-ல் டூப்ளோ ரெயில் வந்தது. 2018-ல் வந்த டூப்ளோ ரெயில் இன்னும் வேடிக்கையானது. அதை முன்னால் ஒரு தள்ளு தள்ளினால் ஓடத் தொடங்கும். கையால் பிடித்தால் நின்றுவிடும். தண்டவாளத்தில் பொருத்துவதற்கு ஐந்து வண்ணக் கட்டைகள் உண்டு. ஒரு கட்டையைத் தாண்டினால் ரெயில் ஊதும். இன்னொன்றில் நிற்கும். மற்றொன்றில் வந்த வழியே திரும்பும். கட்டையை எங்கே வைப்பது என்று முடிவு செய்வது குழந்தை. பாட்டரி இருந்தாலும் டிரைவர் குழந்தைதான்!

மர ரெயில்

பக்கத்து நாடான ஸ்வீடனில் வேறொரு வழி கண்டார்கள். அங்கே ஆஸ்பி என்ற ஊரில் "பிரியோ" என்ற நிறுவனம் மரத்தால் ரெயிலும் தண்டவாளமும் செய்தது. 1950-களின் கடைசியில் இது கடைக்கு வந்தது.

இந்தத் தண்டவாளத் துண்டு மிகவும் எளிமையானது. ஒரு முனையில் குமிழ். மறுமுனையில் பள்ளம். குமிழைப் பள்ளத்தில் வைத்தால் பூட்டிவிடும். பாட்டரி வேண்டாம், சாவி வேண்டாம். கையால் தள்ள வேண்டியதுதான்.

பெட்டிகளின் முனையில் காந்தம் இருக்கும். ஒரு பெட்டியை நேராக வைத்தால் முன்பெட்டியோடு ஒட்டும். திருப்பி வைத்தால் விலகி ஓடும்! "ஏன் ஒட்டவில்லை?" என்று குழந்தை யோசிக்கிறது. திருப்பிப் பார்க்கிறது. ஒட்டிக்கொள்கிறது. யாரும் சொல்லிக் கொடுக்காமலே ஒரு பாடம் முடிந்தது.

வட்டம் சொல்லும் கணக்கு

தண்டவாளம் பூட்டுவதிலும் பாடம் உண்டு. பிரியோவின் பெரிய வளைவுத் துண்டுகள் எட்டு சேர்ந்தால் ஒரு வட்டம். டூப்ளோவில் பன்னிரண்டு துண்டுகள் சேர வேண்டும்.

வட்டத்தின் ஒரு பக்கத்தில் நேர்த்துண்டு ஒன்றைச் செருகினால் என்ன ஆகும்? வட்டம் மூடாது. முனைகள் விலகி நிற்கும். எதிர்ப்பக்கத்திலும் ஒரு நேர்த்துண்டைச் செருகினால் மூடிக்கொள்ளும். இந்தப் பக்கம் ஒன்று கூடினால் அந்தப் பக்கமும் ஒன்று கூட வேண்டும்! பள்ளிக்கூடத்தில் பின்னால் வரப்போகும் கணக்கைக் குழந்தையின் கை முன்பே கற்றுக்கொள்கிறது.

அப்பாவே பூட்டிக் கொடுத்தால் இந்தப் பாடம் அப்பாவுக்குத்தான் கிடைக்கும்!

எந்த வயதுக்கு எது?

ஒன்றரை வயதில் தண்டவாளமே தேவையில்லை. ஒரு பெரிய என்ஜின், இரண்டு பெட்டிகள் போதும். தரைதான் தண்டவாளம்.

இரண்டு வயதுக்கு மேல் பெரிய கட்டைகளால் ஆன ரெயில் ஏற்றது. முதலில் தண்டவாளத்தைப் பூட்டப் பெரியவர்கள் கொஞ்சம் உதவ வேண்டும். பெட்டியின் மேல் கட்டைகளை அடுக்கி இறக்குவதே குழந்தைக்குப் போதுமான வேலை.

மூன்று வயதுக்கு மேல் மரத் தண்டவாளம் வாங்கலாம். நாலு, ஐந்து வயதில் பாதை பிரியும் துண்டும், பாலமும் சேர்க்கலாம். சிறிய கட்டைகள் அதற்குப் பிறகுதான்.

பெட்டியின் மேல் வயது எழுதி இருக்கும். சில பெற்றோர்கள் அதைப் பார்த்து, "என் பிள்ளை கெட்டிக்காரன். ஐந்து வயதுச் சாமானையே பூட்டுவான்" என்று பெருமையாக வாங்குகிறார்கள். இது தவறு. மூன்று வயதுக்குக் கீழே ஆகாது என்று எழுதி இருந்தால், அது அறிவுக்குப் போட்ட அளவு அல்ல. தொண்டைக்குப் போட்ட அளவு! கெட்டிக்காரக் குழந்தையின் தொண்டையும் சிறியதுதான்.

மூன்று அபாயங்கள்

பொம்மை ரெயிலில் மூன்று அபாயங்கள் உண்டு. மூன்றும் உயிருக்கே உலை வைக்கக் கூடியவை.

முதலாவது, சிறு துண்டுகள். சக்கரம், குமிழ், பொம்மை மனிதனின் தொப்பி ஆகியவை மூச்சுக்குழாயை அடைத்துவிடும். இதைச் சோதிக்கப் பொம்மைச் சோதனைச் சாலைகளில் ஒரு சிறு குழல் வைத்திருக்கிறார்கள். அதன் அகலம் சுமார் 32 மில்லி மீட்டர். ஒரு துண்டு அதற்குள் முழுவதும் அடங்கினால், அது மூன்று வயதுக்கு உட்பட்ட குழந்தைக்கு ஆகாது. வீட்டிலும் இப்படிப் பார்க்கலாம். அட்டையைச் சுருட்டி, 4 சென்டி மீட்டர் அகலத்தில், 6 சென்டி மீட்டர் உயரத்தில் ஒரு குழல் செய்யுங்கள். அதற்குள் மறைந்துபோகும் சாமானை எடுத்து அப்புறப்படுத்துங்கள்.

இரண்டாவது, காந்தம். மலிவான ரெயில்களில் காந்தம் கழன்றுவிடலாம். குழந்தை இரண்டு காந்தங்களை விழுங்கினால், அவை குடலின் இரண்டு மடிப்புகளுக்கு நடுவே ஒன்றை ஒன்று இழுத்து ஒட்டிக்கொள்ளும். நடுவில் சிக்கிய குடல் ஓட்டையாகிவிடும்.

மூன்றாவது, பொத்தான் போன்ற பாட்டரி. இது உணவுக்குழாயில் சிக்கினால் இரண்டு மணி நேரத்திலேயே உள்ளே புண்ணாக்கிவிடும். பாட்டரி மூடி திருகாணி போட்டு இறுக்கப்பட்டிருக்க வேண்டும். நகத்தால் திறக்கும் மூடி வேண்டவே வேண்டாம்.

காந்தத்தையோ, பாட்டரியையோ குழந்தை விழுங்கியதாகச் சந்தேகம் வந்தாலும் காத்திருக்கக் கூடாது. குழந்தை சிரித்து விளையாடிக்கொண்டிருந்தாலும் உடனே ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டும். வாந்தி எடுக்க வைக்கக் கூடாது.

வீட்டில் அண்ணன் இருந்தால் இன்னும் ஜாக்கிரதை வேண்டும். தம்பிக்கு வாங்கிய ரெயில் பெரியதாக இருக்கும். ஆனால், அண்ணனின் சிறு கட்டைகள் தரையில் கிடக்கும்! அண்ணனின் சாமானுக்குத் தனி டப்பாவும், எட்டாத அலமாரியும் வேண்டும்.

கடையில் பார்க்க வேண்டியது

இந்தியாவில் 14 வயதுக்கு உட்பட்ட குழந்தைகளின் பொம்மைகளுக்கு 2021 ஜனவரி 1-ந் தேதி முதல் ஐ.எஸ்.ஐ. முத்திரை கட்டாயம் ஆக்கப்பட்டது. பெட்டியில் அந்த முத்திரை இருக்கிறதா என்று முதலில் பாருங்கள்.

பிறகு சக்கரத்தைப் பிடித்து இழுத்துப் பாருங்கள். மரமாக இருந்தால் ஓரத்தைத் தடவிப் பாருங்கள். சிலாம்பு இருக்கக் கூடாது. ஈரத்துணியால் தேய்த்தால் சாயம் ஒட்டக் கூடாது. குழந்தை அதை வாயில் வைக்கத்தான் போகிறது!

எடுத்த எடுப்பில் பெரிய பெட்டி வாங்க வேண்டாம். ஒரு வட்டமும், ஓர் என்ஜினும், இரண்டு பெட்டிகளும் போதும். இது புதிய யோசனை அல்ல. 1891-ல் ஜெர்மனியில் லைப்சிக் சந்தையில் மார்க்லின் நிறுவனம் காட்டிய ரெயிலே இப்படித்தான். தண்டவாளத்துக்குத் திட்டமான அளவுகள் வைத்தார்கள். இந்த வருஷம் கொஞ்சம் வாங்கலாம்; அடுத்த வருஷம் அதோடு சேர்க்கலாம்.

ஆனால், சேர்க்கும் சாமான் பழையதோடு பொருந்துமா என்று கடைக்காரரிடம் கேட்டுக்கொள்ளுங்கள். மரத் தண்டவாளத்தைப் பல நிறுவனங்கள் ஒரே அளவில் செய்கின்றன. பிளாஸ்டிக் தண்டவாளம் பெரும்பாலும் ஒன்றோடு ஒன்று பொருந்தாது.

கை கொடுக்க வேண்டாம், காது கொடுங்கள்

ரெயில் வாங்கியாகிவிட்டது. இனி அப்பாவுக்கும் அம்மாவுக்கும் என்ன வேலை?

தரையில் உட்கார வேண்டும். அதுதான் வேலை. தண்டவாளம் கோணலாக இருந்தால் உடனே நேராக்கிவிடாதீர்கள். ரெயில் தடம் புரளட்டும். குழந்தையே அதற்குக் காரணம் கண்டுபிடிக்கட்டும். "இந்த வண்டி எங்கே போகிறது?" என்று மட்டும் கேளுங்கள். குழந்தை பதில் சொல்லும். பாட்டி ஊருக்குப் போகும், கடற்கரைக்குப் போகும், நிலாவுக்குக்கூடப் போகும்!

மாலையில் தண்டவாளத்தைக் கலைத்துப் பெட்டியில் போடுவதும் குழந்தையின் வேலையாகவே இருக்கட்டும். கலைத்தால்தானே நாளைக்குப் புதுப்பாதை போடலாம்?

நல்ல ரெயில் எது என்று ஒரு வாரத்தில் தெரிந்துவிடும். பீரோவின் மேல் ஏறிவிட்டால் அது அப்பாவின் ரெயில். கட்டிலுக்கு அடியில், சமையலறை வாசலில், பூஜை அறைப் படியில் தண்டவாளம் கிடந்தால் அதுதான் குழந்தையின் ரெயில்!