கழிவுநீரில் கலந்த மருந்தை ஒளியால் அழிக்கலாமா?

நாம் விழுங்கும் மருந்தில் ஒரு பகுதி மாறாமலே சிறுநீருடன் வெளியேறிச் சாக்கடையைச் சேர்கிறது. மருந்துத் தொழிற்சாலைகளின் கழிவுநீரில் இதன் அளவு மிகவும் கூடுதலாக இருக்கக்கூடும். ஐதராபாத்தை அடுத்த பட்டான்செருவில் சுமார் 90 மருந்துத் தொழிற்சாலைகளின் கழிவுநீரைச் சுத்திகரித்து வெளிவிட்ட நீரை ஆராய்ந்து, 2007-இல் ஓர் ஆய்வு வெளியாயிற்று. அந்த நீரில் லிட்டருக்கு 31 மில்லிகிராம் வரை சிப்ரோஃபிளாக்சசின் இருந்தது. இம்மருந்தை உட்கொண்ட நோயாளியின் இரத்தத்தில் இருக்கும் அளவைவிட இது அதிகம்! இத்தகைய நீரில் மருந்தைத் தாங்கவல்ல பாக்டீரியாக்களே பிழைத்துப் பெருகும். அவை நோயை உண்டாக்கினால் அந்த மருந்து பலிக்காது.

வழக்கமான சுத்திகரிப்பில் நுண்ணுயிர்களே கழிவைச் சிதைக்கின்றன. நுண்ணுயிர்க்கொல்லியை அவற்றிடமே ஒப்படைத்துப் பயனில்லை. எனவே ஒளியின் துணையை நாடுகிறோம்.

வெள்ளை வர்ணத்தில் கலக்கும் டைட்டானியம் டை ஆக்சைடு ஒரு குறைகடத்தி. இதன் அனடேஸ் வகையில் ஓர் எலக்ட்ரானைக் கிளப்ப 3.2 எலக்ட்ரான் வோல்ட் ஆற்றல் தேவை. 1240-ஐ 3.2-ஆல் வகுத்துப் பாருங்கள். அலைநீளம் சுமார் 388 நானோமீட்டர் என வரும். இந்த அலைநீளமோ இதற்குக் குறைவானதோ ஆன புற ஊதாக் கதிர் பட்டால் எலக்ட்ரான் கிளம்பும். அது விட்டுச்சென்ற இடம் 'துளை' எனப்படும். துளை நீருடன் வினைபுரிந்து ஹைட்ராக்சில் தனி உறுப்பை உண்டாக்குகிறது. அது மருந்தின் மூலக்கூறைத் தாக்கி உடைக்கிறது.

அப்படியானால் பொடியை அள்ளிக் கொட்டலாமே? கூடாது. பொடி மிகுந்தால் நீர் பால்போல் கலங்கும். ஒளி உள்ளே புகாது. ஒளியை மட்டும் கூட்டினால்? மங்கிய ஒளியில், ஒளி இரட்டித்தால் வினையின் வேகமும் இரட்டிக்கும். ஒளி மிகும்போதோ எலக்ட்ரான்களும் துளைகளும் மீண்டும் சேர்ந்து, ஆற்றல் வெப்பமாக வீணாகிறது. அப்போது வேகம் ஒளியின் வர்க்கமூலத்தைப் பொறுத்ததாகிறது: நான்கு மடங்கு ஒளிக்கு இரண்டு மடங்கு வேகமே கிடைக்கும். நீரில் காற்றைச் செலுத்தினால் ஆக்சிஜன் எலக்ட்ரான்களைப் பற்றிக்கொள்ளும், இவ்வீண் குறையும்.

நீரிலுள்ள பைகார்பனேட்டும் மற்றக் கழிவுகளும் ஹைட்ராக்சிலைப் பங்குபோட்டுக்கொள்ளும். ஆகவே தூய நீரில் கண்ட உகந்த அளவு சாக்கடை நீருக்குப் பொருந்தாது. ஒவ்வொரு நீருக்கும் சோதித்தே அதை முடிவு செய்யவேண்டும்.

இன்னொன்றும் நினைவிருக்கட்டும். மருந்து மறைந்ததாலேயே நீர் தூயதாகிவிடாது. பாதி உடைந்த துண்டுகளும் நஞ்சாகலாம். அவையும் கார்பன் டை ஆக்சைடாகவும் நீராகவும் எளிய உப்புகளாகவும் மாறினவா என்று அளந்து பார்த்த பின்னரே வேலை முடிந்ததெனக் கொள்ளவேண்டும்.