படர்தாமரையும் பாதி டியூப் களிம்பும்

டீயைக் குடித்துக்கொண்டே கேளுங்கள். தொடையிடுக்கில் படர்தாமரை வந்து, மாதக்கணக்கில் மாத்திரை சாப்பிட்டும் போகவில்லை என்று அலைபவர்கள் இப்போது நம் ஊரில் நிறைய. "மருந்து உடம்புக்குப் பழகிப்போச்சு" என்பார்கள். உடம்புக்கு ஒன்றும் பழகவில்லை. மாறியது பூஞ்சை.

பூஞ்சையின் செல் பாக்டீரியாவைவிட நம் செல்லுக்குத்தான் நெருங்கிய சொந்தம். ஆகவே நமக்குக் கெடுதல் இல்லாமல் அதை மட்டும் அடிக்க வழிகள் குறைவு. மருந்து வகைகளும் விரல்விட்டு எண்ணும் அளவுதான். நல்லவேளையாக ஒரு வித்தியாசம் உண்டு: நம் செல் சவ்வில் கொலஸ்ட்ரால், பூஞ்சையின் சவ்வில் எர்கோஸ்டிரால். டெர்பினாஃபின் மாத்திரை இந்த எர்கோஸ்டிரால் தயாரிப்பில் கை வைக்கிறது. ஸ்குவாலீன் என்ற எண்ணெய்ப்பொருளை அடுத்த கட்டத்துக்கு மாற்றும் நொதியை அது முடக்கிவிடும். சவ்வுக்குச் சரக்கு வராது. மாறாத ஸ்குவாலீன் உள்ளே தேங்கி நஞ்சாகும். பூஞ்சை சாகும்.

அந்த நொதி நூற்றுக்கணக்கான அமினோ அமிலங்கள் கோத்த சங்கிலி. மருந்துக்கு மசியாத பூஞ்சைகள் பலவற்றில் 397ஆவது இடத்தில் ஃபீனைல்அலனின் போய் லூசின் வந்திருக்கிறது. அவ்வளவுதான் மாற்றம். நொதி தன் வேலையைச் செய்கிறது. மருந்துக்குத்தான் அங்கே பிடி கிடைப்பதில்லை. பூஞ்சை திட்டமிட்டு இதைச் செய்யவில்லை. பெருகும்போது மரபணுவில் தற்செயலாக நேரும் பிழை இது. மருந்து பட்டதும் மற்றவை சாக, இது மட்டும் தப்பிப் பெருகுகிறது.

அப்படித் தப்பியதற்கு இடம் கொடுத்ததில் கலப்புக் களிம்புகளுக்குப் பெரிய பங்கு உண்டு என்பது என் உறுதியான எண்ணம். பூஞ்சை மருந்தோடு குளோபெட்டசால் போன்ற வீரியமான ஸ்டீராய்டும் சேர்ந்த டியூப், சீட்டு இல்லாமலே மருந்துக்கடையில் கிடைத்துவருகிறது. தடவினால் இரண்டு நாளில் அரிப்பு நிற்கும், சிவப்பு மங்கும். பாதி டியூபிலேயே நிறுத்திவிடுவோம். ஆனால் ஸ்டீராய்டு அடக்கியது தோலின் எதிர்ப்பைத்தான். உள்ளே பூஞ்சை நிம்மதியாகப் பரவும்.

இப்படி டெர்பினாஃபினுக்கு மசியாத, இந்தியா, நேபாளத்தைச் சேர்ந்த நோயாளிகளிடம் எடுத்த பூஞ்சைக்கு 2020இல் ஜப்பானிய ஆய்வாளர்கள் டிரைக்கோஃபைட்டான் இண்டோடினியே என்று பெயரிட்டார்கள். 2023இல் நியூயார்க்கில் இரண்டு பேருக்கு இது இருப்பதாக அறிவிப்பு வந்தது. அவர்களில் ஒருவர் அண்மையில் வெளிநாடு போகாதவர்.

டெர்பினாஃபின் கைவிட்டால் இட்ராகோனசோல் பெரும்பாலும் கைகொடுக்கிறது. அது அதே தயாரிப்பில் பிந்திய கட்டத்தில் வேறொரு நொதியை அடிக்கிறது. ஆனால் உள்ளே வந்த மருந்தை வெளியே இறைத்துத் தள்ளும் புரதங்களும் பூஞ்சையிடம் உண்டு. படர்தாமரை வளையத்தின் ஓரத்தைச் சுரண்டி நுண்ணோக்கியில் பார்த்தால் பூஞ்சை இழைகள் தெரியும். எந்த மருந்துக்கு அடங்கும் என்பது தெரியாது. அதற்கு வளர்த்துப் பார்க்க வாரக்கணக்காகும். அதனால்தான் தோல் மருத்துவர் முதலிலேயே விசாரிக்கிறார்: வீட்டில் வேறு யாருக்கு இருக்கிறது, ஒரே துண்டையா எல்லோரும் பயன்படுத்துகிறீர்கள், இதுவரை தடவிய டியூப் எங்கே?