வெறும் படம்தானா?

சிங்கப்பூருக்குப் போயிருக்கிறீர்களா? தேக்கா சந்தையைத் தாண்டிச் சிராங்கூன் சாலையில் நடந்தால் ஸ்ரீ வீரமாகாளியம்மன் கோயில் கோபுரம் கண்ணில் படும். அவசரமாகப் போகிறவர்கூட ஒரு கணம் நின்று கன்னத்தில் போட்டுக்கொள்வார். சவுத் பிரிட்ஜ் சாலையிலுள்ள ஸ்ரீ மாரியம்மன் கோயிலோ 1827-இல் மரமும் அத்தாப்பும் கொண்ட கொட்டகையாக எழுந்தது. நம் தோட்டத்து மாரியம்மன் கோயில்கள் பலவும் அப்படித் தொடங்கியவைதானே?

ஒரு பேச்சுக்கு வைத்துக்கொள்வோம். அந்தக் கோபுரத்தை அப்படியே வீடியோ விளையாட்டுக்குள் வரைந்து, பிராகாரத்தில் துப்பாக்கிச் சண்டை வைத்தால் உங்கள் மனம் என்ன பாடுபடும்?

இந்த வேதனையை அனுபவித்தவர்கள் இருக்கிறார்கள். 2002-இல் வெளிவந்த ‘ஹிட்மேன் 2’ விளையாட்டில், அமிர்தசரஸ் பொற்கோயிலைப் போன்ற இடத்தில் சீக்கியர்களைக் கொல்லும் காட்சி இருந்தது. 1984-இல் அந்தப் பொற்கோயிலுக்குள் ராணுவம் புகுந்து ரத்தம் சிந்தியதை மறக்காத மக்களுக்கு அது எப்படி இருந்திருக்கும்? சீக்கியர்கள் கண்டனம் தெரிவித்தார்கள். பின்னர் வந்த பதிப்பில் அந்தப் பகுதி மாற்றப்பட்டது.

2007-இல் இங்கிலாந்தின் மான்செஸ்டர் தேவாலயத்துக்கும் இதே கதைதான். சோனி நிறுவனத்தின் விளையாட்டு ஒன்றில் அந்தத் தேவாலயத்துக்குள் துப்பாக்கி வெடித்தது. “எங்களிடம் அனுமதி கேட்கவில்லை, துப்பாக்கியால் பிள்ளைகளை இழந்த ஊர் இது” என்பது குருமார்களின் மனக்குறை. சோனி மன்னிப்புக் கேட்டது.

துப்பாக்கி இல்லாமலும் மனம் புண்படலாம். ‘போக்கிமான் கோ’ 2016 ஆகஸ்டு 6-இல் சிங்கப்பூருக்கு வந்தபோது, பிள்ளைகள் கைத்தொலைபேசியும் கையுமாகத் தெருத்தெருவாக அலைந்தார்கள். அந்த விளையாட்டில் உண்மையான தெருக்களும் வழிபாட்டு இடங்களும் அடையாளம் காட்டப்படும். அதே ஆண்டு குஜராத் உயர்நீதிமன்றத்தில் ஒரு மனு வந்தது. இந்து, சமணக் கோயில்களில் விளையாட்டு ‘முட்டை’ கிடைக்கிறது என்பதே புகார். முட்டையை வாசற்படிக்குள்ளும் கொண்டுபோகாத கோயில்கள் அவை!

அப்படியானால் கோயிலைக் காட்டுவதே குற்றமா? இல்லை. பாரிஸ் நகரத்து நோத்ர தாம் தேவாலயத்தை 2014-இல் ஒரு விளையாட்டு மிக நுணுக்கமாக வரைந்து காட்டியது. 2019 ஏப்ரலில் அந்தத் தேவாலயம் தீப்பற்றியபோது, தயாரித்த நிறுவனம் அந்த விளையாட்டைச் சில நாட்கள் இலவசமாகக் கொடுத்தது. திருப்பணிக்கு 5 லட்சம் யூரோ நன்கொடையும் அளித்தது. தேவாலயத்தின் அழகைப் பலர் அதில் கண்டு நெஞ்சுருகினார்கள். ஆகவே படம் குற்றமில்லை. அந்தப் படத்துக்குள் பிள்ளையின் கை என்ன செய்கிறது என்பதே கேள்வி.

“வெறும் படம்தானே அம்மா!” என்று உங்கள் மகன் சொல்லலாம். சுவரில் மாட்டியிருக்கும் சாமிப் படமும் காகிதம்தான். அதற்குப் பொட்டு வைத்து விளக்கேற்றுகிறீர்களே, ஏன்? அதை அவனுக்கு எடுத்துச் சொல்லுங்கள். திட்டாதீர்கள், கைத்தொலைபேசியைப் பிடுங்கி வீசாதீர்கள். பக்கத்தில் உட்கார்ந்து என்ன விளையாடுகிறான் என்று பாருங்கள். மனம் நோகும்படி ஏதாவது இருந்தால், தயாரித்த நிறுவனத்துக்கு மரியாதையாக எழுதச் சொல்லுங்கள். மான்செஸ்டர் குருமார்கள் வாயால் கேட்டுத்தான் மன்னிப்பைப் பெற்றார்கள், கல்லெறிந்து அல்ல.

இன்னொன்றையும் மறக்காதீர்கள். சிங்கப்பூர் மாரியம்மன் கோயில் இருக்கும் அதே சாலையில், சில அடி தூரத்தில் ஜாமியா சூலியா பள்ளிவாசல் நிற்கிறது. தென்னிந்தியாவிலிருந்து வந்த முஸ்லிம்கள் 1826-இல் உண்டாக்கியது. ஏறத்தாழ இருநூறு ஆண்டுகளாக இரண்டும் அண்டை வீட்டாராக வாழ்கின்றன. நம் கோபுரத்தின் மேல் குண்டு விழுந்தால் துடிக்கும் பிள்ளை, விளையாட்டில் பள்ளிவாசல் மினாரா சரிந்தாலும் துடிக்க வேண்டும். அந்த மனத்தை அவனுக்குக் கொடுத்துவிட்டால், எந்த விளையாட்டு வந்தாலும் நீங்கள் பயப்பட வேண்டியதில்லை.