யட்சி எப்படி சூப்பர் ஹீரோ ஆனாள்? கள்ளியங்காட்டு நீலியின் கதை

ஆபீஸில் யாராவது பொய்யாக அழுது காரியம் சாதித்தால் 'நீலிக் கண்ணீர்' என்கிறோம் இல்லையா? அந்த நீலியின் பெயரில்தான் 2025 ஆகஸ்டில் 'லோகா' வந்தது. 300 கோடி ரூபாய்க்கு மேல் வசூலித்த மலையாளப் படம். யார் இவள்?

கேரளத்தில் பிள்ளைகள் கேட்டும் படித்தும் வளரும் புத்தகம், கொட்டாரத்தில் சங்குண்ணியின் 'ஐதிஹ்யமாலா'. 1909 முதல் 1934 வரை எட்டுப் பாகங்களாக வந்தது. நமக்கு விக்கிரமாதித்தன் கதை மாதிரின்னு வைத்துக்கொள்ளுங்கள். அதில் திருவனந்தபுரத்துக்கும் பத்மநாபபுரத்துக்கும் இடையே காட்டுவழியில் ஆட்களைக் கொல்லும் யட்சி ஒருத்தி வருகிறாள். கடமற்றத்து கத்தனார் என்ற மந்திரவாதப் பாதிரியார் அவள் தலையில் ஆணி அடித்து அடக்குகிறார். மக்கள் வாயில் அவள்தான் கள்ளியங்காட்டு நீலி.

கோட்டையை ஒட்டிய ஸ்ரீவராகத்தில் வாடகைக்குத் தங்கி, வெள்ளிக்கிழமை ராத்திரி கரமனை, களியக்காவிளை வழியாக நாகர்கோவிலுக்கு பஸ் ஏறுபவரா நீங்கள்? ஏறக்குறைய அவள் வழியில்தான் போகிறீர்கள். என்ன, இப்போது பயமுறுத்துவது டிராஃபிக்தான்.

ஆனால் அவள் ஏன் கொலைகாரி ஆனாள்? நாஞ்சில் நாட்டு வில்லுப்பாட்டில் பதில் இருக்கிறது. அவளை நம்ப வைத்தவனே நகைக்காகக் கள்ளிச்செடி அடியில் தலையில் கல்லைப் போட்டுக் கொல்கிறான். பழிவாங்க மறுபிறவி எடுத்து வருகிறாள். திருவாலங்காட்டுப் பக்கம் பழையனூர்க் கதையிலும் இதே கணக்குதான்: கள்ளிக் கொப்பைக் குழந்தையாக்கி இடுப்பில் வைத்துக்கொண்டு ஊர்ச்சபை முன் அழுகிறாள். அந்த அழுகை நமக்குப் பழமொழி ஆகிவிட்டது. முதலில் கொல்லப்பட்டது அவள் என்பது பலருக்கு மறந்தே போச்சு.

மேடையும் திரையும் ரொம்ப நாள் கத்தனார் பக்கமே நின்றன. கலாநிலையம் நாடகக் குழுவின் 'கடமற்றத்து கத்தனார்' மேடைத் தந்திரக் காட்சிகளுக்கே பேர்போனது. 1979-ல் எம். கிருஷ்ணன் நாயர் 'கள்ளியங்காட்டு நீலி' என்று அவள் பெயரிலேயே படம் எடுத்தார். 2004-ல் ஏசியாநெட் சீரியல் வந்தபோது தலைப்பு மறுபடியும் கத்தனாருக்கே போனது.

டொமினிக் அருண் இயக்கிய 'லோகா' இதைத் திருப்பிப் போட்டது. இங்கே நீலி பழங்குடிச் சிறுமி. கோயிலுக்குள் நுழைந்ததற்காக அவள் மக்களை அரசனின் ஆட்கள் தாக்குகிறார்கள். ஆணி அடித்த கத்தனார் வழிகாட்டியாகிறார். எனக்கு இந்த மாற்றம் நியாயமாகவே படுகிறது. பெங்களூரு சண்டைகளை விட அந்த பிளாஷ்பேக்தான் படத்தின் உயிர்.

இப்படி மாற்ற யாரிடம் உரிமை வாங்கணும்? யாரிடமும் இல்லை. சங்குண்ணி இறந்தது 1937. இந்தியச் சட்டப்படி எழுதியவர் இறந்து 60 ஆண்டுகள் வரைதான் பதிப்புரிமை. வில்லுப்பாட்டு நீலியை வைத்து நாளைக்கே நீங்கள் வெப் சீரிஸ் எழுதலாம். கல்யாணி பிரியதர்ஷன் நடித்த சந்திராவை மட்டும் தொட முடியாது. அது தயாரிப்பாளரின் சொத்து.